கைவடிவத்தைப் படத்திலிருந்து அறியும் மாடல்: எங்கள் கைகளுக்குச் சரியாக வருகிறது, பள்ளி மாணவர் கைகளுக்குத் தவறுகிறது

கடலூர்_இறுதியாண்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூரிலிருந்து நாள்தோறும் புதுச்சேரிக்குப் பேருந்தில் சென்று பொறியியல் படிக்கும் இறுதியாண்டு மாணவி நான். விரல்களால் காட்டப்படும் தமிழ் எழுத்துகளைக் கணினி படத்திலிருந்தே அறிந்து சொல்ல வேண்டும் என்பது எங்கள் குழுவின் திட்டப்பணி. 2011இல் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரையில், ஒரு கையின் ஐந்து விரல்களும் தனித்தனியே நீட்டியுள்ளனவா மடங்கியுள்ளனவா என்பதைக் கொண்டு 32 சேர்க்கைகள் அமைத்து, அவற்றைத் தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கும் முறை விளக்கப்பட்டிருந்தது. அதை அடியொற்றி உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்துகளுக்கும் எங்கள் கைகளையே கைப்பேசியில் காணொளியாக எடுத்துத் தனித்தனிப் படங்களாகப் பிரித்தோம். படங்களை இனம்காண முன்பே பயிற்சி பெற்ற மொபைல்நெட் என்னும் செயற்கை நரம்பு வலையை (இதுவே எங்கள் மாடல்) இந்தப் படங்களைக் கொண்டு மேலும் பயிற்றுவித்தோம். படங்களையெல்லாம் கலைத்து, நூற்றுக்கு எண்பதைப் பயிற்சிக்கும் இருபதைச் சோதனைக்கும் வைத்தோம். சோதனையில் நூற்றுக்கு 99 சரியாக வந்தது.

ஆனால் காது கேளாத மாணவர்கள் படிக்கும் பள்ளி ஒன்றுக்கு அனுமதி பெற்றுச் சென்று, மடிக்கணினியின் கேமரா முன் மாணவர் சிலரைக் கை காட்டச் சொன்னபோது, பாதிகூடச் சரியாக வரவில்லை. படங்கள் போதவில்லை என்றும், தரவுத் தொகுப்புகளைப் பகிரும் கேகிள் தளத்தில் கிடைக்கும் 87,000 படங்கள் கொண்ட அமெரிக்கச் சைகை எழுத்துத் தொகுப்புக்கு மாறிவிடலாம் என்றும் வகுப்புத் தோழர்கள் சொல்கிறார்கள். மாடல் ஏன் தடுமாறுகிறது, தொகுப்பை மாற்றினால் தீருமா என்பவை என் கேள்விகள். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

காலாப்பட்டு_ஆய்வாளர் எழுதியது:

முதல் கேள்விக்கான விடை நீங்கள் படங்களைப் பிரித்த முறையிலேயே இருக்கிறது. நொடிக்கு 30 படங்கள் ஓடும் காணொளியில் அடுத்தடுத்த இரண்டு படங்கள் ஏறத்தாழ ஒன்றேதான். அவற்றைக் கலைத்துப் பிரித்தால், பயிற்சியில் பார்த்த படத்தின் இரட்டையே சோதனையிலும் வந்து நிற்கும். வினாத்தாளை முதல் நாளே கொடுத்துவிட்டுத் தேர்வு நடத்துவது போன்றது இது. அதில் வாங்கிய 99, புதிய கையைப் பற்றி எதையும் சொல்லாது.

ஆகவே ஆள்வாரியாகப் பிரியுங்கள். குழுவில் ஒருவருடைய படங்கள் அனைத்தையும் ஒதுக்கிவைத்து, மற்றவர்களின் படங்களில் மட்டும் பயிற்சி கொடுத்து, ஒதுக்கப்பட்டவரின் கையில் சோதியுங்கள். முறைவைத்து ஒவ்வொருவரையும் இப்படி ஒதுக்கிப் பாருங்கள். அப்போது கிடைக்கும் சராசரியோடு, யாருடைய கைக்கு மிகக் குறைவாக வந்தது என்ற எண்ணையும் அறிக்கையில் எழுதுங்கள். பள்ளியில் நீங்கள் கண்ட தடுமாற்றம் அந்த எண்ணில் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். ஒவ்வோர் எழுத்தையும் ஒரே இடத்தில் நின்று எடுத்திருந்தால், வலை விரலைக் கற்பதற்குப் பதிலாகப் பின்னாலிருந்த சுவரையும் சட்டைக் கையையும் கற்றிருக்கக்கூடும். 2017இல் வெளியான கிராட்-கேம் என்னும் முறை, படத்தின் எந்தப் பகுதியை வைத்து வலை முடிவெடுத்தது என்பதை வெப்பப் படமாகக் காட்டும். அதை ஓட்டி, சிவப்பு நிறம் விரல் நுனிகளில் விழுகிறதா, வேறெங்காவது விழுகிறதா என்று பாருங்கள்.

தொகுப்பை மாற்றினால் இது தீராது. அந்த 87,000 படங்கள் 29 வகுப்புகளுக்குத் தலா 3,000 என்று பிரிந்தவை. அதாவது 26 எழுத்துகளோடு இடைவெளி, அழித்தல், கை இல்லாத படம் ஆகியவை. சோதனைக்கென்று அத்தொகுப்பு தருவதோ வெறும் 29 படங்கள். படங்களும் பெரும்பாலும் ஒரேவிதமான சூழலில் எடுக்கப்பட்டவை. எண்ணிக்கை பெரிது, ஆட்களின் வகை சிறிது. சைகை எம்னிஸ்ட் என்ற இன்னொரு தொகுப்பும் உண்டு. அதில் 27,455 பயிற்சிப் படங்களும் 7,172 சோதனைப் படங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 28க்கு 28 பிக்சல். ஜே, இசட் இரண்டும் கையை அசைத்துக் காட்டப்படும் எழுத்துகள் என்பதால் அதில் இல்லை, மீதமுள்ளவை 24. அமெரிக்க முறையில் எம் (M), என் (N), எஸ் (S), டி (T) நான்கும் மூடிய கைதான். கட்டைவிரல் மூன்று விரல்களுக்கு அடியில் போனால் எம், இரண்டு விரல்களுக்கு அடியில் போனால் என், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே நுழைந்தால் டி, முன்பக்கம் குறுக்கே கிடந்தால் எஸ். இந்த வேறுபாடு 28 பிக்சல் அகலப் படத்தில் இரண்டு மூன்று சாம்பல் புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது.

நெய்வேலி_பொறியாளர் எழுதியது:

ஆய்வாளர் ஐயா சொன்ன பிரிப்பு முறையைச் செய்த பிறகு, உள்ளீட்டையே மாற்றிப் பாருங்கள் தங்கையே. முழுப் படத்தையும் வலைக்குக் கொடுப்பதற்குப் பதிலாக, கூகுள் 2019இல் வெளியிட்ட மீடியாபைப் கைக் கண்டறிதலைக் கொண்டு விரல் மூட்டுகளின் இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அது முதலில் உள்ளங்கையைத் தேடுகிறது. விரல்கள் வளைந்து நெளிந்து பல வடிவம் எடுக்கும், உள்ளங்கை அவ்வளவாக உருமாறாது என்பதால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. பிறகு அந்தப் பகுதிக்குள் 21 புள்ளிகளைக் குறிக்கிறது. மணிக்கட்டு 0, கட்டைவிரல் நுனி 4, ஆள்காட்டி நுனி 8, நடுவிரல் நுனி 12, மோதிரவிரல் நுனி 16, சுண்டுவிரல் நுனி 20. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் வீதம் ஒரு கைக்கு 63 எண்கள் கிடைக்கும்.

அந்த எண்களை அப்படியே கொடுக்காதீர்கள். மணிக்கட்டின் இடத்தை எல்லாவற்றிலிருந்தும் கழியுங்கள். பிறகு மணிக்கட்டிலிருந்து நடுவிரலின் அடிமூட்டு வரையுள்ள தொலைவால் வகுங்கள். கை கேமராவுக்கு அருகில் இருந்தாலும் தள்ளி இருந்தாலும், பெரியவர் கையானாலும் எட்டு வயதுக் குழந்தையின் கையானாலும், எண்கள் ஒரே அளவுக்கு வந்துவிடும். சுவர், சட்டை, தோல் நிறம் எதுவும் அடுத்த கட்டத்துக்குப் போவதில்லை. பழைய கட்டுரைகள் பலவற்றில் தோல் நிறத்தை வைத்துக் கையைப் பிரித்தெடுப்பார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் சரிசெய்த எல்லைகள் சன்னல் வெயிலில் உடைந்துவிடும், கறுத்த கைகளில் இன்னும் மோசமாக உடையும். நம் ஊருக்கு அந்த முறை வேண்டாம்.

மஞ்சக்குப்பம்_ஆசிரியை எழுதியது:

காது கேளாத பிள்ளைகளோடு பணியாற்றி வரும் ஆசிரியை என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கணினிப் பகுதியை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட ஐந்து விரல் முறையாலும் சரி, அமெரிக்க எழுத்துகளாலும் சரி, என் மாணவர்கள் பேசிக்கொள்வதில்லை. அவர்களுடையது இந்தியச் சைகை மொழி. அதன் ஆங்கில விரலெழுத்துகளில் பெரும்பாலானவை இரண்டு கைகளாலும் காட்டப்படுபவை. அமெரிக்க முறை ஒரு கைக்கானது. ஆகவே அந்த 87,000 படங்களில் பயின்ற மாடலை எங்கள் பள்ளிக்குக் கொண்டுவந்தால், பிள்ளைகள் காட்டும் எழுத்துகளில் மிகப் பலவற்றை அது பார்த்ததே இல்லை என்றாகிவிடும்.

விரலெழுத்து இம்மொழியில் ஒரு சிறு மூலைதான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆள்பெயர், ஊர்ப்பெயர், புதிய கலைச்சொல் ஆகியவற்றுக்கு அதைப் பயன்படுத்துவோம். மற்றபடி ஒவ்வொரு கருத்துக்கும் தனிச் சைகை உண்டு. 1960இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகைகளை ஆராய்ந்து, ஒவ்வொரு சைகையும் கைவடிவம், அது காட்டப்படும் இடம், அசைவு என்னும் கூறுகளால் ஆனது என்று காட்டினார். உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பின்வந்தவர்கள் சேர்த்தார்கள். கைவடிவம் அந்தக் கூறுகளில் ஒன்று மட்டுமே. புருவத்தை உயர்த்தினால் கேள்வி, தலையை அசைத்தால் மறுப்பு. முகத்தை வெட்டிவிட்டுக் கையை மட்டும் படம் பிடித்தால் 'வருகிறான்' என்பதும் 'வருகிறானா?' என்பதும் ஒன்றாகிவிடும்.

இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015இல் புது தில்லியில் தொடங்கப்பட்டது. அது வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பு 2021இல் 10,000 சொற்களோடு காணொளிகளாக வந்தது. முதலில் அதைப் பார்த்துவிட்டு எங்கள் பிள்ளைகளிடம் வாருங்கள்.

கடலூர்_இறுதியாண்டு எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆள்வாரியாகப் பிரித்துச் சோதித்தேன். மதிப்பெண் வெகுவாக இறங்கிவிட்டது. பள்ளியில் கண்டதற்கு அருகில்தான் இருக்கிறது. 21 புள்ளிகளுக்கு மாறியதும் ஓரளவு மேலே வந்தது, ஆனால் முழுமையாக இல்லை. தவறுகளை ஓர் அட்டவணையாக அடுக்கிப் பார்த்தபோது ஒரு கோலம் தெரிகிறது. மோதிரவிரல் மட்டும் நீட்டியிருக்க வேண்டிய எழுத்தில்தான் மிகுதியான குழப்பம். காட்டுபவர்களாலேயே அதை நேராக நிறுத்த முடிவதில்லை. நடுவிரலும் சுண்டுவிரலும் கூடவே எழுந்து பாதியில் நிற்கின்றன. அதை நீட்டியது என்பதா, மடங்கியது என்பதா என்று லேபிள் இடும்போதே எங்களுக்குள் கருத்து வேறுபடுகிறது. கட்டைவிரலும் இப்படித்தான். ஐயா, இதற்கு வழி உண்டா?

காலாப்பட்டு_ஆய்வாளர் எழுதியது:

மோதிரவிரலின் தசைநாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு புறங்கையில் இணைந்திருப்பதால் அது தனியாக எழுவது எவருக்கும் கடினம். பயிற்சியைக் கூட்டினால் இது தீராது. குறியீட்டு முறையிலேயே உள்ள சிக்கல் இது. அதை எண்களாலும் காட்டலாம். ஒரு விரலின் நிலையை உங்கள் மாடல் நூற்றுக்கு 98 முறை சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து விரல்களும் ஒருசேரச் சரியாக அமைந்தால்தான் எழுத்து சரி. விரல்களின் தவறுகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், 0.98ஐ ஐந்து முறை பெருக்க ஏறத்தாழ 0.90 வரும். 'கமலா' என்று காட்டக் க், அ, ம், அ, ல், ஆ என ஆறு சைகைகள் வேண்டும். ஆறும் பிழையின்றி அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 55 விழுக்காடுதான். விரலுக்கு 98 என்பது, பெயர் என்று வரும்போது பாதிக்குச் சற்று மேல்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. 32 சேர்க்கைகளில் 31ஐப் பயன்படுத்திவிட்டீர்கள். ஒரு விரலைத் தவறாகப் படித்தால் கிடைப்பது, ஒரே ஒரு சேர்க்கை நீங்கலாக, இன்னொரு முறையான எழுத்தாகவே இருக்கும். தவறு நேர்ந்தது என்று கண்டுகொள்ளக் குறியீட்டில் இடமே இல்லை. பெயர்களில் வரும் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றுக்கும் இடமில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஆனால் நம் எழுத்திலக்கணம் இங்கே கைகொடுக்கும். உயிரையும் மெய்யையும் தனித்தனியே காட்டுவதால், தமிழ்ச் சொல்லுக்குள் உயிரை அடுத்து உயிர் வராது என்னும் விதியை மாடலின் வெளியீட்டின் மேல் பொருத்தலாம். க், ச், த், ப் ஆகியவற்றை அடுத்துச் சொல்லுக்குள் வேறு மெய் வராது, அதே மெய்தான் வரும். ர், ழ் இரட்டிக்காது. வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்காது. 'சக்தி', 'டேவிட்' போன்ற பெயர்கள் இவற்றை மீறும் என்பதால், மீறுவதை முற்றிலும் தடுக்காமல் வாய்ப்பைக் குறைக்கும் எடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அம்முறையில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தீர்ப்பு சொல்லாமல், எழுத்துத் தொடர் முழுவதற்கும் மிகுந்த வாய்ப்புள்ள வாசிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். எனக்குத் தெரிந்து, உங்கள் திட்டப்பணியில் புதிதாகச் செய்யக்கூடிய பகுதி இதுவே.

முத்தியால்பேட்டை_வாசகர் எழுதியது:

நான் பிறவியிலேயே காது கேளாதவன். இங்கே எழுதப்பட்டவற்றை மதிப்போடு படித்தேன். ஆனால் இந்த இழையில் இதுவரை எவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தக் கருவியை யார், எப்போது, எதற்காகப் பயன்படுத்துவார்கள்?

விரலால் எழுத்துக்கூட்டத் தெரிந்தவருக்கு எழுதவும் தெரியும். எனக்கு ஒரு பெயரைச் சொல்ல வேண்டுமானால் கைப்பேசியில் தட்டச்சு செய்து காட்டிவிடுவேன். கேமராவின் முன் நின்று ஒவ்வொரு விரலாக நீட்டி, மாடல் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் படிப்பதற்காக நான் ஏன் காத்திருக்க வேண்டும்? ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் முகக்கவசம் அணிந்தவர் டோக்கன் எண்ணை வாயால் அழைத்துக்கொண்டிருந்தார். உதடும் தெரியவில்லை, பலகையும் இல்லை. பக்கத்திலிருப்பவர்கள் எழும்போதெல்லாம் நானும் எழுந்து சீட்டை நீட்டிக்கொண்டிருந்தேன். அங்கே எனக்குத் தேவைப்பட்டது எண் ஒளிரும் ஒரு பலகையும், நான்கு சைகை தெரிந்த ஓர் ஊழியரும்தான். என் கையைப் படிக்கும் கணினி அங்கே எதையும் மாற்றியிருக்காது.

அமெரிக்காவில் 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் இருவர் சைகையைப் பேச்சாக்கும் கையுறை செய்து 10,000 டாலர் பரிசு பெற்றார்கள். முகமும் உடலும் இல்லாமல் கையை மட்டும் படிப்பது மொழிபெயர்ப்பாகாது என்றும், காது கேளாதோரைக் கலந்து செய்யப்படவில்லை என்றும் மொழியியலாளரும் காது கேளாதோரும் அதை வெளிப்படையாக விமர்சித்தார்கள். அதே வழியில் இங்கும் நடக்க வேண்டாம் என்றே எழுதுகிறேன்.

ஐந்து விரல் தமிழ் எழுத்துகளை நானும் என் நண்பர்களும் பயன்படுத்துவதில்லை. காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய ஊர்களிலிருந்து வருபவர்களைச் சந்திக்கிறோம். அவர்கள் வீட்டு எழுத்து தமிழாகவோ மலையாளமாகவோ தெலுங்காகவோ இருக்கும். சில சைகைகள் ஊருக்கு ஊர் மாறினாலும் பேசிக்கொள்ள முடிகிறது. பெயர் சொல்ல இரண்டு கை ஆங்கில எழுத்துகள் போதுமானவையாக இருக்கின்றன.

நெய்வேலி_பொறியாளர் எழுதியது:

வாசகர் ஐயா சொல்வதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். கைவடிவத்தை அறிவது பயனற்ற வேலை அல்ல. சொற்களையும் வாக்கியங்களையும் அறிவதற்கு அது ஒரு படிக்கட்டு. 2020இல் வெளியான இன்க்ளூட் தொகுப்பில் இந்தியச் சைகைச் சொற்கள் 263க்கு 4,287 காணொளிகள் உள்ளன. அவர்களுடைய மாடல் 50 சொற்கள் கொண்ட பகுதியில் 94.5 விழுக்காடும், 263 சொற்களில் 85.6 விழுக்காடும் எட்டியது. அகராதியின் மூன்றாம் பதிப்பிலோ 10,000 சொற்கள். சொற்கள் கூடக் கூட மதிப்பெண் இறங்குவது இயல்புதான். அந்தத் தூரத்தைக் கடக்க அடிப்படை வேலைகள் நடந்தாக வேண்டும் அல்லவா?

முத்தியால்பேட்டை_வாசகர் எழுதியது:

நடக்கட்டும் ஐயா, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாற்பது வருடம் கழித்து வரப்போகும் மொழிபெயர்ப்புக்காக இப்போதே எங்கள் குழந்தைகளைப் படமெடுத்துவிட்டு, அவர்களுக்கு ஒன்றும் தராமல் போய்விடுகிறார்கள் என்பதே என் வருத்தம். காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அந்தத் தாய் தந்தையருக்குச் சைகை தெரியாது. வீட்டில் பேச்சில்லாமலே குழந்தை வளர்கிறது. கேமரா என் கையைப் படிப்பதை விட்டுவிட்டு, அந்தத் தாயின் கையைப் படிக்கட்டும். அவர் விரலெழுத்தைப் பழகும்போது, விரல் சரியாக இருக்கிறதா என்று கணினி பார்த்துச் சொல்லட்டும். பேருந்து நடத்துநரும் வங்கி ஊழியரும் பழகலாம். சுமை காது கேட்பவர்கள் பக்கம் போகட்டும்.

காலாப்பட்டு_ஆய்வாளர் எழுதியது:

இது தொழில்நுட்ப நோக்கிலும் மேலான வழி. பழகுபவர் எந்த எழுத்தைக் காட்ட முயல்கிறார் என்பது கருவிக்கு முன்பே தெரியும் என்பதால், 31இல் எது என்று கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இந்த எழுத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று மட்டும் அளந்தால் போதும். விரல் விரலாகத் தீர்ப்புச் சொல்வது இதுவரை தவறுகளைப் பெருக்கியது. இங்கே அதுவே பயனாகிறது: 'மோதிரவிரலை இன்னும் மடக்குங்கள்', 'உள்ளங்கையை உங்கள் பக்கம் திருப்புங்கள்' என்று திருத்தம் சொல்லலாம். ஐயத்துக்கு இடமானபோது 'தெரியவில்லை, மீண்டும் காட்டுங்கள்' என்று சொல்லும் எல்லையை மட்டும் கவனமாக வையுங்கள். சரியான வடிவம் எது என்பதற்கான மேற்கோள் படங்கள், சைகையைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமிருந்தே வர வேண்டும்.

மஞ்சக்குப்பம்_ஆசிரியை எழுதியது:

அந்த மேற்கோள் படங்களுக்கு எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்களைக் கேளுங்கள். வயதுவந்தவர்கள், தங்கள் பொருட்டுத் தாங்களே ஒப்புதல் தரக்கூடியவர்கள். செய்யும் வேலைக்குக் கூலியும் கொடுங்கள். குழந்தைகளின் படம் வேண்டுமென்றால் 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. அந்த ஒப்புதலும் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடக் கூடாது. எந்தப் படம் எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதைக் குழந்தைக்குச் சைகையில் விளக்கிச் சொல்ல ஒருவர் உடன் இருக்க வேண்டும். முடிந்தவரை படத்தை வைத்துக்கொள்ளாமல் 21 புள்ளிகளின் எண்களை மட்டும் சேமியுங்கள்.

கடலூர்_இறுதியாண்டு எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் திட்டத்தின் தலைப்புக்குக் கல்லூரியில் ஒப்புதல் பெற்றாகிவிட்டதால் அதை முற்றிலும் மாற்ற இயலாது. எனவே ஐந்து விரல் தமிழ் எழுத்துகளை, ஆள்வாரிப் பிரிப்பு, எழுத்திலக்கண எடை ஆகியவற்றை அளந்து காட்டும் சோதனைப் பகுதியாக வைத்துக்கொள்கிறோம். அது சைகை மொழி அன்று என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுவோம். பெற்றோருக்கான பயிற்சிக் கருவியை இந்தியச் சைகை மொழியின் இரண்டு கை எழுத்துகளில் சிலவற்றோடு தொடங்குகிறோம். வாசகர் ஐயாவும் ஆசிரியை அம்மாவும் எந்தெந்த எழுத்துகள் முதலில் வேண்டும் என்று சொன்னால் அவற்றையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு சிக்கல். இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொடும் எழுத்துகளில் மீடியாபைப் ஒரு கையை விட்டுவிடுகிறது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் காட்டினால் எல்லாமே தலைகீழாகிறது. என்ன செய்வது?

முத்தியால்பேட்டை_வாசகர் எழுதியது:

பெற்றோர் முதலில் பழக விரும்புவது தங்கள் குழந்தையின் பெயரையே. ஆகவே எழுத்து வரிசைப்படி போகாதீர்கள். பள்ளிப் பட்டியலில் உள்ள பெயர்களை எடுத்து, மிகுதியாக வரும் எழுத்துகளிலிருந்து தொடங்குங்கள். கருவி ஓரளவு ஓடியதும் எனக்கும் நண்பர்களுக்கும் காட்டுங்கள், நாங்கள் வருகிறோம்.

நெய்வேலி_பொறியாளர் எழுதியது:

கைகள் தொடும்போது ஒன்று மற்றொன்றை மறைப்பதால் புள்ளிகள் தொலைவது எதிர்பார்க்க வேண்டியதே. அந்த எழுத்துகளுக்கு மட்டும், இரண்டு கைகளையும் ஒரே சட்டத்துக்குள் வெட்டியெடுத்த படத்தையே வலைக்குக் கொடுங்கள், மற்றவற்றுக்குப் புள்ளிகள். கைகள் நெருங்கி வருவதற்குச் சற்று முந்தைய படங்களில் இரண்டும் தெளிவாகத் தெரியும் என்பதால், அந்தப் புள்ளிகளையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இடக்கைக்காரர்கள் சைகையைக் கண்ணாடிப் பிம்பம் போலக் காட்டுவது முறையானதே, அதைத் தவறென்று கருவி சொல்லக்கூடாது. பயிற்சிப் படங்களை இடவலமாகத் திருப்பிச் சேர்த்தால் அது தீரும். ஆனால் படங்களைத் தொண்ணூறு பாகை சுழற்றிச் சேர்க்காதீர்கள். அமெரிக்க எழுத்துகளில் கே (K), பி (P) இரண்டுக்கும் விரல் அமைப்பு ஒன்றே, கை நோக்கும் திசையால்தான் வேறுபடுகின்றன. யு (U), எச் (H) இரண்டும் அப்படியே. இங்கும் அத்தகைய இணைகள் இருக்கலாம், வாசகர் ஐயாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: எது வலக்கை, எது இடக்கை என்று மீடியாபைப் சொல்வது, செல்ஃபி கேமராவைப் போல இடவலம் மாறிய படத்தை எதிர்பார்த்தே. பின்பக்கக் கேமராவில் எடுத்த படத்தை அப்படியே கொடுத்தால் வலம் இடமாகிவிடும். பயிற்சியிலும் பயன்பாட்டிலும் படம் ஒரே திசையில் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். சோதனைக்கு வருபவர்களில் இடக்கைப் பழக்கமுள்ள சிலரையாவது சேர்த்து, அவர்களுடைய மதிப்பெண்ணைத் தனியாக எழுதுங்கள்.